குழாய்க்குள் சொல்லாத பெயர்

1961 தை மாதம், பழவேற்காடு ஏரியில் சம்பூர்ணத்தின் கணவர் போட்ட வலையில் இறாலோடு ஒரு பாட்டுப்பெட்டியும் சிக்கியது. அதன் பித்தளைக் குழாய்க்குள் செத்தவர் பெயரைச் சொன்னால் செத்தவர் பதில் சொன்னார். அந்த வருடம் இறால் நல்ல விலைக்குப் போனது. பெட்டியை வெயிலில் காயவைத்துச் சாவி கொடுத்தபோது, பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் விளையாட்டாகக் குழாயில் வாய் வைத்துத் தன் மாமியார் பெயரைச் சொன்னாள். "கொழம்புல உப்பு போட்டியாடி, இன்னிக்கும் மறந்துட்டியா?" என்றது மாமியாரின் குரல். கெங்கம்மாள் ஓடிப்போய் ருசி பார்த்தாள். மறந்துதான் இருந்தாள். அதன் பிறகு குப்பமே வந்தது. செத்தவர்கள் பெரிதாக எதுவும் பேசவில்லை. ஆடு குட்டி போட்டதா என்று கேட்டார்கள், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னால் மட்டும் பெட்டியின் தட்டு வெறுமனே சுற்றிவிட்டு நின்றது. விசாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தியற்றுப் போன குப்பனை அவன் தாய் அழைத்தபோது பதில் வரவில்லை. ஆடியில் அவன் தகரப்பெட்டியோடு பஸ்சிலிருந்து இறங்கினான்.

1964இல் ஒரு காலை சம்பூர்ணத்தின் கணவருடைய படகு தானாகக் கரைக்கு வந்தது. வலை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் இல்லை. ஏரியிலும் முகத்துவாரத்திலும் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் கணவன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அங்குள்ள வழக்கம், சம்பூர்ணம் அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நான் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று கெங்கம்மாள் வந்தபோது சம்பூர்ணம் குழாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பதில் வந்துவிட்டால் குங்குமத்தை அழிக்க வேண்டும். கூப்பிடாத வரையில் அவர் எங்கோ இருந்தார். மனைவி சம்மதமில்லாமல் யாரும் அந்தப் பெயரைக் குழாயில் சொல்லக்கூடாது என்று ஊர்க்கூட்டமும் தீர்ப்புச் சொன்னது. பெட்டியின் குழாயில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தாள். சில மதியங்களில் அதை எடுத்துவிட்டு, குழாயின் வாயில் முகத்தை வைத்தபடி எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஏரியின் வாடை அடித்தது.

அந்தச் சம்மதத்தைத்தான் கொழுந்தன் கலியன் வருடக்கணக்காகக் கேட்டான். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த முறையில் வலை இறக்கலாம் என்று பங்கிட்டுக்கொள்வதைப் பாடு என்பார்கள். பிள்ளையில்லாத அண்ணன் இறந்துவிட்டால் அவர் பாடு தம்பிக்கு வரும், இருந்தால் வராது. "இருந்தா இருக்காருன்னு தெரியட்டும், இல்லன்னா இல்லன்னு தெரியட்டும். இன்னாத்துக்கு அண்ணி இந்தப் பேஜாரு?" என்றான். 1969இல் ஊர்க்கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. வெள்ளிக்கிழமை கூப்பிடலாம் என்றார்கள். வியாழக்கிழமை காலையில் சம்பூர்ணம் பெட்டியைப் புடவையில் கட்டி, கெங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திருவள்ளூரில் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

அது இரண்டே அறைகள் கொண்ட ஊர் வரலாற்றுக் கூடம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் தணிகாசலம் தன் மாமனாரின் நெல் கிடங்கில் அதை நடத்திவந்தார். டச்சுக்காரர் ஓடுகள், நெல் அளக்கும் மரக்கால், துருப்பிடித்த வாள் ஆகியவற்றுக்கு நடுவே பெட்டியை வைத்து, ஓடுகிறதா என்று சாவி கொடுத்தார். கொடுத்தவர் பெயரை அட்டையில் எழுத வேண்டும் என்றார்.

"எங்க ஊட்டுக்காரர்துங்க."

"அவர் பேரும்மா?"

சம்பூர்ணம் கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள் சுழலும் பெட்டியைப் பார்த்து வாயை இறுக மூடிக்கொண்டாள். "ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கிற பெருமாள் பேருங்க," என்றாள் சம்பூர்ணம். எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள், எதிரில் இருப்பவரும் ஊகித்துச் சொல்லிப் பார்ப்பார். அவசரத்தில் அதை அவள் நினைக்கவில்லை. குழாய்மேல் குனிந்து தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த தணிகாசலம், "பூவராகவனா?" என்று உரக்கக் கேட்டார்.

பெட்டி சுற்றியது. சம்பூர்ணம் தாலியைப் பிடித்துக்கொண்டாள். சுற்று மெதுவாகி, மெதுவாகி, நின்றது. உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை.

"உசுரோட கீறாருடி!" என்று கெங்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபின் கெங்கம்மாள்தான் பெட்டியின் சங்கதியை அவருக்குச் சொன்னாள். திரும்பும்போது பெரியபாளையத்தில் பூ வாங்கி இருவரும் வைத்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பியபின் கெங்கம்மாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் இன்னாத்துக்குடி வரல?" என்று கேட்டாள். சம்பூர்ணம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் கெங்கம்மாள் நடந்ததற்குச் சாட்சி சொன்னாள், பாடு கலியனுக்குப் போகவில்லை. சில வருடங்களில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து, அவன் இரும்பு உருக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான், ஏரியை மறந்தான். திருவள்ளூர்க் கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வந்தது. ஜனங்கள் வாளையும் ஓடுகளையும் பார்த்துவிட்டு, வரிசையில் நின்று தங்கள் செத்தவர்களோடு பேசிவிட்டுப் போனார்கள். ஆடி மாதத்தில் சம்பூர்ணம் வந்தால் வரிசை அவளுக்கு வழிவிடும். தணிகாசலம் சாவி கொடுத்து அவளுக்காகப் பெயரைச் சொல்வார். பெட்டி சுற்றி நிற்கும். அந்த மௌனத்தை அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, நெற்றிக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு பஸ்சுக்குப் போவாள்.

1978 ஆடியில் தணிகாசலத்துக்குக் காது மந்தமாகி, குரல் பெருத்திருந்தது. அவர் சாவி கொடுத்துவிட்டுக் குழாயருகே குனிந்தபோது சம்பூர்ணம் அவர் கையைத் தொட்டாள். "மெதுவாக் கூப்பிடுங்க சார்," என்றாள். "தூங்கிக்கினு இருந்தாலும் இருப்பாரு."