எரியாத கொழுப்பு

பாண்டீஸ்வரி ஓட்டப் பயிற்சியின் பதினெட்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். அவளாக உட்காரவில்லை, தொடைகள் இரண்டும் அவளைக் கேட்காமலே மடங்கிவிட்டன. திருச்சுழி ரோட்டில் வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இருபக்கமும் வெடித்துக் கிடந்த கரிசலில் ஆள் நடமாட்டமில்லை. எழ முயன்றாள். முடியவில்லை. மிளகாய் லோடு ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர்தான் அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து, பரளச்சியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அருப்புக்கோட்டை நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே ஐயாயிரம் மீட்டரில் இரண்டு தடவை மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள். அரை மாரத்தானில் மாநில அளவில் ஓர் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு வழியுண்டு என்று பயிற்சியாளர் சங்கையா சொல்லியிருந்தார். அதற்கு வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் ஓடிப் பழக வேண்டும் என்றார். தசையில் இருக்கும் சர்க்கரை தீர்ந்ததும் உடம்பு கொழுப்பைத் தேடும். ஓட ஓட, கொழுப்பை எரிக்கத் தசை நன்றாகப் பழகிக்கொள்ளும். அவரிடம் பயின்ற மற்றவர்களுக்கெல்லாம் அப்படித்தான் பழகியது. பாண்டீஸ்வரியும் ஓடுமுன் சாப்பிடும் இரண்டு வாழைப்பழங்களை நிறுத்தினாள். கால்கள் நாள்கணக்கில் வலித்தன. பழகுகிற வலிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவளுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சொல்லக் கூச்சமாக இருந்தும் அம்மாவிடம் சொன்னாள். புளி கரைத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாளின் கை நின்றது.

"கருப்பாவா போச்சு?"

"ஆமாம்மா."

அதற்குமேல் ஜக்கம்மாள் எதுவும் கேட்கவில்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி, பக்கத்துத் தெரு மாரிச்சாமியின் காரைப் பிடித்து வந்தாள். காரியாபட்டி தாண்டி மதுரை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மகளின் கையை அவள் விடவேயில்லை.

தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்திருந்தன. நான்கு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். ரத்த மாதிரியை வெளியூருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கொழுப்பைத் தசைக்குள் எரியும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு பொருள் இவள் உடம்பில் சரியாக இல்லை. பிறவியிலேயே அப்படி. சர்க்கரை இருக்கும்வரை ஓடலாம். அது தீர்ந்தபின் எரிக்க வேறெதுவும் கிடைக்காமல் தசையே உடைந்துபோகும். எத்தனை வருஷம் பயிற்சி எடுத்தாலும் இது மாறாது. பட்டினி கிடக்கக் கூடாது. நெடுந்தூரம் இனி ஓடவே கூடாது.

பாண்டீஸ்வரி சரி என்று தலையாட்டினாள். சொன்னது புரிந்தது, ஆனால் வேறு யாருடைய காலைப் பற்றியோ பேசுவதுபோல் இருந்தது.

சொந்தத்தில் கட்டிக்கொண்டீர்களா என்று டாக்டர் கேட்டார். தாய்மாமனைத்தான் என்றாள் ஜக்கம்மாள். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்றும் கேட்டார்.

பாண்டீஸ்வரிக்கு அண்ணன் ஒருவன் இருந்தான். மருதுபாண்டி. ஆறு வருஷத்துக்கு முன்பு, பத்தொன்பது வயதில், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவன் வழியிலேயே விழுந்தான்; பிழைக்கவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போச்சு என்றார்கள். வழியில் தின்ற எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் எதுவுமே தின்னவில்லை என்பது பாண்டீஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது.

"எனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் நல்லபடியா முடியணும்னு நான்தான் நேந்துக்கிட்டேன்," என்றாள் ஜக்கம்மாள், டாக்டரின் மேசையைப் பார்த்தபடி. "அவன் எனக்காகச் சாப்பிடாம விரதமா நடந்தான். போன் பண்ணி, கால் பின்னுதும்மா, ஒண்ணுக்கு கருப்பாப் போகுது, ஒரு டீயாவது குடிச்சுக்கிறவான்னு கேட்டான். வெயில் சூடுடா, கோயில் போய்ச் சேந்துட்டுக் குடின்னேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"அன்னைக்கு அவன் டீ குடிச்சிருந்தா பெழச்சிருப்பானா, டாக்டரம்மா?"

"அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்களுக்கு அப்ப இது தெரியாதுல்ல."

பாண்டீஸ்வரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த ரோட்டில், தொடை மடங்கிய பிறகு, தானும் எழுந்து நடக்கவே முயன்றது ஞாபகம் வந்தது. அண்ணன் அதற்குமேலும் எத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பான் என்று நினைத்தாள்.

சிறுநீரகம் மெல்லத் தேறியது. அடுத்த மாதம் அவள் மில்லுக்குத் திரும்பினாள். சங்கையா வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரியாமல் போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் மகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்கிறாள் ஜக்கம்மாள். மில்லில் இருக்கும்போது போன் போட்டு, சாப்பிட்டியா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்று பாண்டீஸ்வரி சொல்கிறாள். அதன்பிறகும் அம்மா போனை வைப்பதில்லை. மறுமுனையில் பேச்சில்லாமல் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.