சிக்வார்ட் ரிஸ்டாலின் வலக்கை

சிக்வார்ட் ரிஸ்டாலின் வலக்கை அவனுடைய முப்பத்தோராவது வயதில், கட்சிக் கூட்ட மேடையில் முதல் வாக்குறுதி கொடுத்த நிமிடத்திலிருந்து நாறத் தொடங்கியது. புண் இல்லை, வலி இல்லை. அழுகிய மீன்தலையின் நாற்றம் மட்டும். வேறு ஊராக இருந்தால் அன்றே அவன் அரசியல் முடிந்திருக்கும். வடகடலில் இருந்த அவன் தீவில் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை காட் மீன்கள் மரச்சட்டங்களில் ஜோடி ஜோடியாகத் தொங்கிக் காயும். நாற்றம் வந்தால் கூலி வருகிறது என்று அர்த்தம். கை குலுக்கியவர்கள் தங்கள் விரலை முகர்ந்துவிட்டு, "நம்ம ஆளுதான்டா" என்றார்கள். ஏழு வயதிலிருந்து கூலிக்கு மீன் நாக்கு அறுத்து வளர்ந்த அவன் மனைவி யோர்டிஸும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் தம்பி எய்லிஃப் ஒரு படகு வைத்திருந்தான். வெளிநாட்டுக் கப்பல்களை நம் விரிகுடாவுக்குள் விடமாட்டேன் என்று சிக்வார்ட் அவன் கையைப் பிடித்துச் சொன்னான். எய்லிஃப் மூன்று நாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். "மச்சான், உங்க கை என் கையவிட நாறுதே. கடலுக்கு எப்பப் போனீங்க?" என்று சிரித்தான்.

தலைநகர் ஆஸ்லோவில் மூக்கைப் பொத்திக்கொண்டே மரியாதை கொடுத்தார்கள்: அசல் மீனவன். மீன்வளத் துறை அமைச்சரானான். பிறகு சமாதானத் தூதன். வெப்ப தேசம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகச் சண்டையிட்ட இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஜன்னல்களைச் சாத்தி, எல்லோருக்கும் கை கொடுத்தான். நான்காம் மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாந்தியெடுக்க ஓடினார்கள். மூன்று போர்கள் இப்படி முடிந்தன. இரண்டு மறுபடி தொடங்கின. அதற்காகக் கிடைத்த பதக்கங்கள் அவன் கை பட்டுப் பச்சை பிடித்தன.

கடைசியாக ஒரு கடல் ஒப்பந்தம். அதே கையால் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு விரிகுடாவைத் திறந்துவிட்டான். கப்பல்கள் மூன்று குளிர்காலத்தில் அதை வழித்துத் துடைத்தன. எய்லிஃப் படகைப் பிளந்து அடுப்பில் வைத்தான். மரச்சட்டங்கள் வெறுமையாக நின்றன. மார்ச் மாதக் காற்று முதல்முறையாகச் சுத்தமாக வீசியது. அந்தக் காற்றில்தான் சிக்வார்ட் ஓய்வு பெற்று வந்து இறங்கினான். படகுத்துறையில் எல்லோர் தலையும் நாற்றம் வந்த பக்கம் திரும்பியது.

யோர்டிஸ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள். "விரிகுடாவுக்குக் கையெழுத்துப் போட்டது நீயா?"

"சத்தியமா நான் இல்ல."

மேஜையில் பால் திரிந்தது. கூரையில் கடற்காகங்கள் வந்து அமர்ந்தன.

"கையக் கழுவிட்டு வந்து சொல்லு."

"கழுவிட்டுத்தான் உக்காந்தேன்."

"அப்ப படகுக் கொட்டகையில போய்ப் படு. அது காலியாத்தான் கெடக்கு."

செப்டம்பரில் ஊராட்சித் தேர்தல் வந்தது. மீன் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுத்து, சிக்வார்ட் பெரும்பான்மையில் வென்றான்.

"நீயுமாடா அவனுக்குப் போட்டே?" என்று தம்பியைக் கேட்டாள் யோர்டிஸ்.

எய்லிஃப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னக்கா பண்றது? அந்த வாசன வந்தாத்தான் பிள்ளைங்க சாப்புட உக்காருதுங்க."

அதன்பின் ஊராட்சி அலுவலகப் பக்கமிருந்து காற்றடித்தால் தீவுப் பெண்கள் மீன் இல்லாத வெறும் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தார்கள். யோர்டிஸ் கொஞ்சநாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். பிறகு அவளும் வைத்தாள்.