காக்காய்க் கடியில் வந்தவள்

சிந்துஜாவின் உடம்பில் இதுவரை குடியிருந்த கிருமிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வந்து சேர்ந்தன. அவளுடைய நரம்புகளின் மேலுறையை யாரோ வயரை உரிப்பதுபோல் உரித்திருந்தார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்று பெயர் சொன்ன டாக்டர், "ஏதோ பழைய கிருமி தொடக்கி வச்சிருக்கலாம், நீங்களே கூப்பிட்டுக் கேட்டுடுங்க" என்று சீட்டில் எழுதியும் கொடுத்திருந்தார்.

சிந்துஜாவுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். எட்டு மாதக் குழந்தை இளாவுக்கு முத்தம் கொடுக்கலாமா, கூடாதா? கிருமி ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் நாற்பது நாளாகக் கொடுக்கவில்லை.

கான்வென்டில் படித்தவள், அட்டெண்டன்ஸ் எடுக்காமல் எதையும் தொடங்கத் தெரியாது.

"சின்னம்மை?"

"பிரசன்ட், சிஸ்டர்."

"பொன்னுக்குவீங்கி?"

"பிரசன்ட், சிஸ்டர்." அதன் கன்னம் இன்னும் உப்பித்தான் இருந்தது.

"இடது கால்?"

மேசைக்கடியில் மரத்துப்போய்க் கிடந்தது. ஆப்சென்ட் போட்டாள்.

கடைசி வரிசையில், ஆறாம் வகுப்பு யூனிஃபார்மில், இரட்டைச் சடையோடு, எச்சிலில் பரவும் சுரப்பிக் காய்ச்சல் நின்றாள். கணவன் கதிரேசன் எல்லாருக்கும் பாட்டில் மூடிகளில் டீ கொடுத்துக்கொண்டே வந்தான்.

"நீ எப்படி உள்ள வந்தே?" சிந்துஜா அவளைக் கேட்டாள்.

"கூடப் படிச்ச ரோஸ்லின் உனக்குக் கமர்கட்டைக் காக்காய்க் கடி கடிச்சுக் கொடுத்தாளே, அன்னிக்கு."

"பாவாடைத் துணியில சுத்தித்தானே கடிச்சா? எச்சில் படவே இல்ல."

"உங்க யூனிஃபார்ம் துணிய நீதான் மெச்சிக்கணும். மாவு சலிக்கலாம் அதுல."

சின்னம்மை டீ சிந்தச் சிரித்தது.

"நரம்ப உரிச்சது நீதானே?"

"ஊர்ல முக்காவாசிப் பேருக்குள்ள இருக்கேன், சிந்து. எல்லாரையுமா உரிச்சேன்? உன் வாட்ச்மேனைக் கேளு."

ரத்தத்தில் காவலிருக்கும் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். கையில் சுரப்பிக் காய்ச்சலின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. "நரம்புறைக்கும் இதே ஜாடைங்கம்மா. பதினெட்டு வருசத்துல போட்டோவும் மங்கிப்போச்சு. இந்தப் பொண்ணுதான்னு நெனச்சு உரிச்சுட்டேன்."

கதிரேசன் இளாவின் மை டப்பாவை எடுத்து வந்தான். கன்னத்தில் பொட்டு இருந்தால் கிருமி, இல்லாவிட்டால் நரம்பு என்று முடிவாயிற்று. வாட்ச்மேன் அதைக் குறித்துக்கொண்டார். சுரப்பிக் காய்ச்சல் கன்னத்தைக் காட்டி, "நல்லா பெரிசா வைங்கண்ணா" என்றாள்.

"அப்ப முத்தம்?" சிந்துஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தாராளமா கொடு. நான் இறங்கி வாசல்ல நிக்கிறேன். முடிஞ்சதும் கூப்பிடு."

சொன்னபடியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சிந்துஜா குழந்தையை மடியில் போட்டு, நாற்பது நாளுக்கும் சேர்த்துக் கொடுத்தாள். கன்னம், கழுத்து மடிப்பு, உள்ளங்கால், மறுபடி கன்னம். இளா விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். மதியம் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சிந்து, வாசல்ல நிக்கிற பொண்ணுக்கு ரெண்டு இட்லி போட்டுட்டேன், நீ மெதுவா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது மேசைக்கடியிலிருந்து இடது கால், "பிரசன்ட், சிஸ்டர்" என்றது.

இவ்வளவு தாமதமாக வந்தால் அம்மாவிடம் கடிதம் வாங்கி வரவேண்டும் என்றாள் சிந்துஜா. பிறகு குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, பேனாவைத் தேடி எடுத்து, காலுக்காக அவளே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.