விரல் தடிமன் டிவியும் செல்வாம்பாளின் காதும்

1

நான் எழுத ஒப்புக்கொண்டது கதையே அல்ல. மெல்லிய டிவியின் நன்மை தீமை பற்றி ஓர் இதழுக்குச் சின்னக் கட்டுரை, அவ்வளவுதான். என் வீட்டில் டிவி கிடையாது. ஆகவே முதலியார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே கொளஞ்சியும் அவர் மனைவி செல்வாம்பாளும் மட்டும்தான். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் முகிலன் தீபாவளிக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போன டிவி, காலண்டரைப் போலச் சுவரோடு ஒட்டியிருந்தது.

'நவீனத் தொழில்நுட்பம் நம் கூடத்தில் இடத்தை மிச்சப்படுத்தி...'

(வேண்டாம். அந்தக் கூடத்தில் இடம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.)

2

நன்மையைக் கொளஞ்சியிடம் கேட்க வேண்டும். மில்லில் தறிகளுக்கு நடுவே நின்று நின்று காது மந்தமானவர்.

"பேசுறவன் உதடு தெரியுது தம்பி. பாதிய நானே புரிஞ்சிக்கிறேன்."

தீமையைச் செல்வாம்பாளிடம். சர்க்கரையில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. அவருக்கு டிவி என்றால் குரல்தான்.

"பழசு ஆளு மாதிரி பேசும். இது வாயப் பொத்திக்கினு பேசுது. சத்தம் வெச்சா இரையுது, வார்த்த வரல."

ஒல்லி உடம்பில் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை என்று கட்டுரையில் எழுதினேன். சரியான வரிதான். அதற்குப் பிறகுதான் கட்டுரை நின்றுபோனது.

3

பழைய பெட்டி டிவி இருந்தவரை இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள். "மீசக்காரன் ஒருத்தன் வாசல்ல நிக்கிறான்" என்பார் கொளஞ்சி. "மாமியாக்காரி நகையக் கேக்குறா" என்று செல்வாம்பாள் அவர் காதில் கத்துவார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஆளாகப் பார்த்த சீரியல். [இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

புதுசு வந்தபின் உதடு தெரிந்ததால், கொளஞ்சி மனைவியிடம் விவரம் கேட்பது குறைந்தது. செல்வாம்பாளுக்குச் சொல்லவும் ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு, பழைய டிவியைச் சமையலறை மேடையில் ஏற்றச் சொன்னார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிணக் கனம்.

"நீங்க அங்க பாருங்க. நான் இங்க கேக்குறேன்."

"கோவமா?"

"கோவம் என்னாத்துக்கு? உங்களுக்குத் தெரியுது, எனக்குக் கேக்குது. முடிஞ்சிபோச்சி."

4

முடியவில்லை. பழைய டிவிக்குக் கேபிள், புதியதற்கு இணையம். இணையத்தில் வருவது கொஞ்சம் பிந்தும். ஒரே சீரியல் சமையலறையில் முந்தி ஓடியது. கதவு வழியே கொளஞ்சிக்கு மனைவியின் முகம் தெரியும். அந்த முகம் முதலில் சிரிக்கும், அப்புறம்தான் அவர் டிவியில் சிரிப்பு வரும்.

ஒரு மாலை செல்வாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொளஞ்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். டிவிக்கு முதுகு, மனைவிக்கு முகம். செல்வாம்பாளுக்கு அது தெரியாது.

"அங்க என்னாதான் நடக்குது? எதாச்சும் சொல்லுங்களேன்!" என்று செல்வாம்பாள் உரக்கக் கேட்டார்.

"நீலப் புடவ கட்டிக்கினு ஒருத்தி அழுவுறா."

அன்று நீலப் புடவை கட்டியிருந்தது செல்வாம்பாள்தான்.

5

மறுநாள் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது முகிலன் போன் செய்தான். செல்வாம்பாள் போனை ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"டிவிக்குக் கீழ வெக்கிற ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி அனுப்பவாம்மா? சத்தம் கணீர்னு வரும். நீயும் கூடத்துலயே உக்காந்துக்கலாம்."

முடிவு ஒன்று: 'அனுப்புடா' என்கிறார். மறுபடி ஒரே பாய். அவர் தானாகப் பார்க்கிறார், இவர் தானாகக் கேட்கிறார், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை...

முடிவு இரண்டு: 'வேணாம்' என்கிறார். சமையலறைப் புழுக்கத்தில் தனியாக உட்கார்ந்து...

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: செல்வாம்பாள், புருஷன் சொல்லட்டும் என்று அவர் பக்கம் திரும்பினார். கொளஞ்சிக்கு மகன் கேட்டது காதில் விழவில்லை. மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, என்னம்மா, அனுப்பவா வேணாமா?"

முகிலன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். நீங்களாவது ஒன்று சொல்லுங்கள்.