கெட்டி எலும்பு

பவ்யாவுக்கு முதலில் முறிந்தது இடது தொடை எலும்பு. ஆறு மாதக் குழந்தை. விழவில்லை, யாரும் கைதவறிப் போடவில்லை. துணி மாற்றுவதற்காகக் கன்னிகா காலைத் தூக்கினாள். முருங்கைக் கிளை ஒடிவது போல் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் குழந்தை வீறிட்டது.

கன்னிகாவின் புருஷன் ரமணா அப்போது மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சித்தூருக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்காமல் கன்னிகாவும் அவள் அம்மா சுலோசனாவும் வடமாலபேட்டையில் ஆட்டோ பிடித்துப் புத்தூருக்குப் போனார்கள். எலும்பு முறிந்தால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் போவது புத்தூர் கட்டுக்குத்தான். எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

சுலோசனா, ரமணாவின் கூடப்பிறந்த அக்கா. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பிறகு மகளையும் அவனுக்கே கொடுத்தாள். வெளியில் கொடுத்தால் எப்படி வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் இல்லாத கல்யாணம். கன்னிகாவுக்கும் அதில் சந்தோஷம்தான். பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட ஆளையே கட்டிக்கொண்டாள்.

ரமணா வந்ததும் எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"எவ்ளோ வெள்ளையா கீது பாரு. நம்ம எலும்புல நடுவுல பொந்து மாதிரி தெரியும். இவளுக்கு முழுக்கக் கெட்டி."

"கெட்டியா இருந்தா ஏன் மாமா ஒடைஞ்சுது?"

அவன் படத்தை உறையில் போட்டு பீரோ மேல் வைத்தான்.

கால் கூடிவிட்டது. ஆனால் குழந்தை வெளுத்துக்கொண்டே போனாள். உள்ளங்கை சுண்ணாம்பாக ஆனது. வயிறு உப்பி, நெற்றி முன்னால் புடைத்தது. ஒருநாள் கன்னிகா குழந்தையின் முகத்துக்கு நேரே செல்போன் வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண் போகவில்லை. வளையலைக் குலுக்கியதும் தலை திரும்பியது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு ரமணாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, சத்தம் வந்தாத்தான் திரும்புறா. பாப்பாவுக்குக் கண்ணு தெரியல."

திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். தெலுங்குக்காரர், ஆனால் இவர்களுக்காகத் தமிழில் பேசினார்.

"உங்களுது மேனரிகமா? சொந்தத்துல பண்ணினதா?"

"எங்க அக்கா பொண்ணு மேடம்," என்றான் ரமணா.

டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டார். "எலும்பு கல்லு மாதிரின்னு நெனைக்கிறோம். இல்லம்மா. அதுவும் உயிருள்ளதுதான். அதுக்குள்ள சில செல்லு புதுசா எலும்பு கட்டும், சில செல்லு பழசை அரிச்சு எடுக்கும். கடைசிவரைக்கும் ரெண்டும் நடக்கணும். வயசானவங்களுக்கு அரிக்கிறது ஜாஸ்தியாகி எலும்பு மெலிஞ்சுபோகும். உங்க பாப்பாவுக்கு நேர்மாறு. கட்டுறது கட்டிக்கிட்டே இருக்கு, அரிக்கிறது வேலையே செய்யல. அதனால பழசு போகாம எலும்பு அடைச்சுக்கிட்டே வருது. பாக்கறதுக்குக் கெட்டி. ஆனா சாக்பீஸ் மாதிரி உடையும்."

"ரத்தம் ஏன் கொறைஞ்சிக்கினே போவுது?" என்று கேட்டாள் கன்னிகா.

"ரத்தம் ஊறுற மஜ்ஜை எலும்புக்கு நடுவுலதாம்மா இருக்கு. அதுக்கு இடமே இல்ல. ஈரலும் மண்ணீரலும் அந்த வேலையைச் செய்யப் பாத்து வீங்கியிருக்கு, அதான் வயிறு. மண்டையில நரம்பு வர்ற ஓட்டையும் சின்னதாகிடுச்சு. கண்ணு நரம்பை நசுக்கிடுச்சு."

இந்தக் கோளாறு அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வெளியில் வரும் என்றார். ஒரே குடும்ப ரத்தத்தில் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம்.

ரமணா கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கன்னிகா அவனைப் பார்க்கவில்லை.

வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றினால், அரிக்கிற செல்கள் புதிதாக உண்டாகலாம். அது ஒன்றுதான் வழி. போன பார்வை திரும்பாது. வேலூருக்கு அனுப்பினார்கள். ரமணா, கன்னிகா, சுலோசனா எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள். யாருடையதும் முழுதாகப் பொருந்தவில்லை. பாதி பொருந்திய அப்பாவின் மஜ்ஜையை வைத்து முயலலாம், ஆபத்து அதிகம் என்றார்கள். ரமணா யோசிக்கவே இல்லை. "எடுத்துக்குங்க சார்" என்றான்.

தேதி குறித்தார்கள். அதற்கு முன்னாலேயே பவ்யாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கன்னிகா கட்டிலோரம் நின்று வளையலைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் தலை திரும்பியது. மறுநாள் இல்லை. மத்தியானம், நர்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூச்சு நின்றது.

ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

அதன்பிறகு கன்னிகா சமைத்தாள், துணி துவைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். ரமணாவைக் கூப்பிட வேண்டியிருந்தால் கதவைத் தட்டினாள், அல்லது "இந்தா" என்றாள். அவன் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏன் மாமான்னு கூப்பட மாட்டேன்ற?"

"வாயில வரல."

"எம்மேல கோவமா?"

"உம்மேல இன்னாத்துக்குக் கோவம்? அந்த வார்த்த வரல, அவ்ளோதான்."

அடுத்த குழந்தை தரித்தால் வயிற்றிலேயே பரிசோதித்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரமணா ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தான்.

"அதுக்கும் இருந்தா?" என்றாள் கன்னிகா. அவன் பிறகு எடுக்கவில்லை.

மாங்காய் சீசன் முடிகிற நேரத்தில் ரமணாவின் தம்பி ஹேமநாத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் பையன். பெண், இரண்டாவது அக்கா ஷோபாவின் மகள் மோனிகா. மறுபடியும் தாய்மாமனுக்கே.

கன்னிகா ரமணாவையும் கூட்டிக்கொண்டு நகரியில் இருக்கும் சித்தி ஷோபாவின் வீட்டுக்குப் போனாள். ஹேமநாத்தும் அங்கே இருந்தான்.

"கல்யாணம் வேணாம்னு சொல்ல வரல சித்தி. ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாக்கட்டும். திருப்பதியில சொல்லிக் கீறாங்க, நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் பாக்கணும்னு."

ஷோபா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உன் தலையெழுத்த கொண்டாந்து எம்பொண்ணு தலையில எழுதாத கன்னிகா."

"ஊரே இப்பிடித்தான் கட்டிக்கினு கீது," என்றான் ஹேமநாத். "எத்தினி பேருக்கு வந்துது? பரிசோதன பண்ணி ஏதாவதுன்னா, அப்புறம் எங்க ரெண்டு பேரையும் யாரு கட்டுவா?"

கன்னிகா ரமணாவைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீயும் அக்கா பொண்ணத்தான கட்டின?" என்றாள் ஷோபா.

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

கல்யாணத்துக்குக் கன்னிகாவை மட்டும் கூப்பிடவில்லை. நல்ல காரியம், கன்னிகா மனசு கஷ்டப்படும் என்று சொல்லி அனுப்பினாள் ஷோபா. சுலோசனாவும் போனாள். கன்னிகா வீட்டில் இருந்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் மோனிகா தனியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே கன்னிகாவுக்குப் புரிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள்.

"மூணு மாசங்கா," என்றாள் மோனிகா. டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பரிசோதன இப்பப் பண்ணாத் தெரிஞ்சுடுமா?"

"தெரியும். நாளைக்கே போலாம். நானே கூட்டிக்கினு போறேன்."

"அவரு வேணாம்னு சொல்லிட்டாரு. அம்மாவும்."

"அவுங்களுக்குச் சொல்ல வேணாம். நீ வா."

மோனிகா மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "இருக்குன்னு சொல்லிட்டா இன்னாக்கா பண்றது?"

கன்னிகா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் போய் நின்றதைப் பார்த்ததும், அதைச் சொல்ல முடியவில்லை.

"பொறக்குற வரைக்குமாவது சந்தோசமா இருந்துக்கறேங்கா," என்றாள் மோனிகா.

புத்தூர் பஸ் வரும்வரை கன்னிகா ரோட்டில் அவளோடு நின்றாள். பஸ் வந்தது. மோனிகா கம்பியைக் கெட்டியாகப் பிடித்து மெதுவாக ஏறினாள்.

சாயங்காலம் ரமணா வந்து கால் கழுவினான்.

"யாரோ வந்திருந்தாங்கன்னு கடையில சொன்னாங்க."

"மோனிகா."

"இன்னாவாம்?"

கன்னிகா அவனுக்குத் தட்டை எடுத்து வைத்தாள். "ஒண்ணுமில்ல. துன்னு," என்றாள்.