இருவாசல் சுவிட்ச்

கான்ட்ராக்டர் சுயம்பு அரசாங்கக் கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர். தான் செய்த வேலையை யார் திறந்து வைக்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. திறப்பு விழாவில் அவருக்கு ஒரு மூலையும் ஒரு சோடாவும் கிடைக்கும். ஆனால் பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமத்தில், டிஸ்பென்சரிக்குப் புதிதாகக் கட்டிய பிரசவ வார்டில் விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தங்கை சத்யபாமா இதே இடத்து ஓலைக் கொட்டகையில் பிரசவத்துக்குக் கிடந்தாள். பாதியில் பெட்ரோமாக்ஸ் அவிந்துபோனது. நர்ஸ் ஞானபாய் இருட்டில் தடவித் தடவியே பிள்ளையை எடுத்துவிட்டாள். ரத்தம் எங்கிருந்து போகிறது என்று தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறெந்த கான்ட்ராக்டரும் சீந்தாத இந்தச் சின்ன வேலைக்கு சுயம்பு டெண்டர் போட்டது அதனால்தான்.

அது எல்லைப் போராட்ட காலம். நெய்யாற்றின்கரைத் தாலுக்கா தமிழ்நாட்டுக்கா, கேரளத்துக்கா என்பது டில்லியில் தீர்மானமாகவில்லை. ஊர் டீக்கடைகளில் தீர்மானமாகியிருந்தது, கடைக்கு ஒரு விதமாக. முந்தின வருஷம் தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். அதிலிருந்து நாலு பேர் சேர்ந்து நின்றாலே அதிகாரிகள் போலீசுக்கு ஆளனுப்பினார்கள்.

வார்டைத் திறக்க இரண்டு பேர் கிளம்பியிருந்தார்கள். தமிழ்க் கட்சிக்கு ராஜையா. மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரே சத்தம்தான். மலையாளக் கட்சிக்கு பென்ஷன் வாங்கிய ஹெட்மாஸ்டர் கிருஷ்ணன்குட்டி. சோற்றுக்கு உப்பு கேட்பதென்றாலும் முகவுரை சொல்லித்தான் கேட்பார். இருவருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் மனைவியிடம் தோற்பதும் இரண்டு பாஷையிலும்தான்.

மின்சார இலாகா எஞ்சினியர் ஒரு வழி கண்டுபிடித்தார். வார்டின் நீளத்துக்கும் வராந்தா. அதன் இரு கோடியிலும் ஒவ்வொரு வாசல், வாசலுக்கு ஒரு சுவிட்ச்.

"நான் விசில் ஊதுவேன். ரெண்டு பேரும் ஒரே நொடியில சுவிட்சைத் தட்டணும். முந்தினவனும் இல்லை, பிந்தினவனும் இல்லை."

சுயம்பு குறுக்கிட்டார். "சார், அது மாடிப்படிக்குப் போடுற சுவிச்சாக்கும். ஒரே விளக்குக்கு ரெண்டு சுவிச்சு. இந்த வாசல்ல போட்டுட்டு அந்த வாசல்ல அணைச்சிட்டுப் போலாம். ரெண்டு பேரும் ஒண்ணா தட்டினா ஒருத்தர் போடுறத மத்தவரு அணைச்சிருவாரு. எரியாது சார்."

"நீரு வயரைப் பாரும். ராஜதந்திரத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பம் வயரை மாத்திக் குடுக்கேன் சார், அர மணிக்கூறு போதும்."

"பிளான் பாஸாகி சீல் வெச்சாச்சு. சீலை உடைச்சா உம்ம லைசன்சும் உடையும். கலாட்டா ஏதாவது நடந்தா நான் பியூஸைப் பிடுங்கிட்டுப் போயிருவேன். எல்லை தீர்ந்த பெறவு மாட்டலாம்."

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி இருட்டு வார்டுக்குள் வந்து உட்கார்ந்தது. எஞ்சினியர் விசில் ஊதினார். இருவரும் ஒரே நொடியில் தட்டினார்கள். அந்த ஊர் சரித்திரத்திலேயே அவ்வளவு ஒற்றுமை கண்டதில்லை. விளக்கு எரியவில்லை.

"சதி!" என்றார் ராஜையா.

"கொடிய சதி!" என்றார் கிருஷ்ணன்குட்டி.

மறுபடி விசில். மறுபடி இருட்டு. இரண்டு கட்சி ஆட்களும் குடையை மடக்கிக் கம்பு மாதிரி பிடித்தார்கள். எஞ்சினியர் பியூஸ் பெட்டியைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் நாலு பேர் நனைந்துகொண்டே ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்து ஓடிவந்தார்கள். கட்டிலில் நிறைமாதக் கார்த்தியாயினி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஞானபாய் கட்டிலை உள்ளே தள்ளினாள். அடுத்த நிமிஷம் அவள் தலை மட்டும் வெளியே வந்தது.

"பிள்ளை குறுக்க கெடக்கு. உள்ள எனக்கு எனக்க கையே தெரியல்ல. வெட்டம் எங்க ஓய்?"

சுயம்பு வராந்தா நடுவில் போய் நின்றார். "ராஜையா அண்ணாச்சி, ஹெட்மாஸ்டர் சாறே, கேளுங்க. உங்கள்ல ஒருத்தர் கையை எடுத்துட்டு மத்தவரு மட்டும் தட்டினா விளக்கு எரியும். வேற மந்திரம் ஒண்ணும் இல்ல."

"அவரு எடுக்கட்டு."

"அது நடக்கில்லா. ராஜையா எடுக்கட்டெ."

உள்ளேயிருந்து கார்த்தியாயினி அலறினாள். மழைச் சத்தத்தையும் மீறி அது வந்தது. இரண்டு தலைவர்களுடைய கைகளும் சுட்டதுபோல சுவிட்சிலிருந்து விலகின.

"நீரே போடும் சாறே."

"வேண்டா, நிங்ஙள் இடு."

"மரியாதைக்குச் சொல்லுதேன், நீரு போடும்."

"மூத்தது நிங்ஙளல்லே?"

"எலே, ரெண்டுல ஒருத்தன் தட்டுங்கலே!" என்று ஞானபாய் கத்தினாள். பதறிப்போய் இருவரும் ஒன்றாகத் தட்டினார்கள்.

சுயம்பு ஒரு கணம் நின்றார். எந்த வாசலில் தட்டினாலும் அந்தக் கட்சிக்காரன் ஆகிவிடுவார். மற்றக் கட்சி பிறகு ஒரு பல்பு மாட்டக்கூட அவரைக் கூப்பிடாது. அன்று தங்கை சத்யபாமாவின் அலறல் இவ்வளவு சத்தமாகக்கூட இருக்கவில்லை. கிட்டே இருந்தது ராஜையாவின் வாசல். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு சுயம்பு சுவிட்சைத் தட்டினார்.

வார்டு முழுக்க வெளிச்சம் விழுந்தது.

"எரிஞ்ஞல்லோ!" என்றார் கிருஷ்ணன்குட்டி, முகவுரை இல்லாமல்.

எஞ்சினியர் திரும்பி வந்தார். "யாருய்யா போட்டது? ரிப்போர்ட்ல எழுதணும்."

"நானாக்கும் சார். லைசன்ஸ் வேணும்னா எடுத்துக்கிடுங்க. பியூஸைத் தொடப்பிடாது."

எஞ்சினியர் பேனாவைத் திறந்தார். அதற்குள் ராஜையா இந்தப் பக்கமும் கிருஷ்ணன்குட்டி அந்தப் பக்கமும் அவரை நெருங்கி வந்துவிட்டார்கள். ராஜதந்திரம் தெரிந்தவர், பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனி ஒருத்தனும் அதுல கை வைக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு ஞானபாய் கதவைச் சாத்தினாள்.

விழாவுக்குப் போட்ட நாற்காலிகளில் ஒவ்வொன்றை இழுத்துக்கொண்டு, இருவரும் அவரவர் சுவிட்சுக்குக் காவலாக உட்கார்ந்தார்கள். கூட்டம் கலைந்தது. எஞ்சினியர் சுயம்புவுக்கு வைத்திருந்த சோடாவைக் குடித்துவிட்டு ஜீப்பேறினார். சுயம்பு கதவோரம் குந்தியிருந்து உள்ளே எழும் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது. "பிள்ளை திரும்பிட்டு. தலை தெரியுது. யாராவது ஓடிப்போய் வெந்நீர் கொண்டாங்க!"

சுயம்பு எழுவதற்குள் ராஜையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு எட்டு வைத்தவர், சந்தேகப்பட்டுத் திரும்பினார்.

"சாறே, நான் வெந்நீருக்குப் போயிட்டு வாறேன். எனக்க சுவிச்சையும் கொஞ்சம் பாத்துக்கிடும்."

கிருஷ்ணன்குட்டி எழுந்தார். நாற்காலியைத் தூக்கி வந்து, இரண்டு வாசலும் தெரிகிற மாதிரி வராந்தாவின் சரிபாதியில் போட்டு உட்கார்ந்தார்.