வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

பெட்டி வாசலில் நுழையவில்லை. நேராகப் பிடித்தார்கள், ஒருக்களித்துப் பிடித்தார்கள், நாலு பேர் உள்ளேயும் நாலு பேர் வெளியேயும் நின்று இழுத்தும் பார்த்தார்கள். இரண்டு அங்குலம் இடித்தது. கடைசியில் கிருஷ்ணப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வுடுங்கப்பா. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துனு வாங்க, வெளியவே பிரிச்சிரலாம்" என்றார். செத்துப் போனவர் அவருக்குக் கூடப் பிறந்த தம்பி. குரல் மட்டும் நெல் மூட்டை இறக்குகிற இடத்தில் நிற்பவர் மாதிரி இருந்தது. அப்படிப் பேசாவிட்டால் அவரால் நிற்க முடியாது.

வாசல் நிலை சின்னது என்று கட்டும்போதே தம்பி மனைவி நிர்மலாதேவி சொல்லியிருந்தாள். போனில்தான் சொன்னாள். "நாமென்ன யானையா கட்டப் போறோம்" என்று தோஹாவிலிருந்து சிரித்தார் மாதவராஜ். இப்போது தான் கட்டிய வீட்டுக்குள் வர முடியாமல் வாசலிலேயே கிடக்கிறார். "நான் சொன்னனா இல்லையா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மகள் காவியா பயந்திருப்பாள். ஆறு நாளாக நிர்மலா சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் தூக்கம் வராது, திறந்திருந்தால் கனவு வரும்.

இருபத்தோரு வருஷத்தில் மாதவராஜ் ஊரில் இருந்தது மொத்தமே பதினோரு மாதம். மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமைகள். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசர். வெள்ளி ஒரு நாள்தான் லீவு. இந்த ஒன்பது வருஷமாக அன்றைக்கு மதியம் ஏதாவது ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் கூப்பிடுவார். இங்கே மாரண்டஹள்ளியில் மணி மூன்றரை ஆகியிருக்கும். அதுவரை நிர்மலா பட்டினி. தலைக்குக் குளித்து, பூ வைத்து, அரிசி டிரம்மின் மேல் போனை நிறுத்தி, எதிரில் தட்டோடு உட்காருவாள். அவருக்கு ஒரு வாரம் மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு, ஒரு வாரம் கேரளா மீன், ஒரு வாரம் துருக்கிக்காரன் கடை ரொட்டி. அவளுக்குக் களியும் கீரையும்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா?"

"இங்க வெள்ளிக்கிழம தான லீவு வுடறான். சாமிகிட்ட நீ சொல்லி வை."

தருமபுரியைத் தாண்டாதவளுக்குத் தோஹாவின் ஓட்டல் சுவரெல்லாம் தெரியும். ஒன்றில் அவர் தலைக்குப் பின்னால் நீலக் கடல் வரைந்திருக்கும். இன்னொன்றில் பச்சை டைல்ஸ், ஓடாத ஒரு மின்விசிறி. இந்த ஆறு நாளும் கண் சொக்கும்போதெல்லாம் அந்த ஓட்டல்களுக்குள்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள். எல்லா மேசையும் காலியாக இருந்தது. செருப்பில்லாத காலுக்குத் தரை சில்லென்று இருந்தது. அவர் எந்த மேசை என்று மட்டும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆவணிக்கு வருகிறேன் என்றவர் தீபாவளி என்றார், அன்றைக்குத் தை என்றார். கையில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆங்காரம். "தின்னுங்க. நல்லாத் தின்னுங்க. அது ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று சொல்லி, போனையே அணைத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடிவிட்டாள். விடிந்ததும் கிருஷ்ணப்பன் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

சர்க்கரை இருந்ததால் இரவில் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்கிற மனுஷன். அப்படியென்றால் அந்த மதியச் சாப்பாடுதான் கடைசி. அதைச் சாப்பிட்டாரா, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாரா? அவள் முகம் போனிலிருந்து மறைந்த பிறகு அவர் முகம் எப்படி இருந்தது? அது தெரிய வேண்டும் அவளுக்கு. யாரைக் கேட்பாள்? தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி யாருக்குத் தெரியும்?

பெட்டியைப் பிரித்து, ஷாமியானாவுக்கு அடியில் பெஞ்சில் கிடத்தினார்கள். ஏதோ மருந்து வாடை அடித்தது. முகம் நன்றாகத்தான் இருந்தது. அழுதழுது தொண்டை வறண்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள் நிர்மலா.

கூட்டத்தில் நின்றிருந்த, தாடி நரைத்த ஒருவர் சட்டென்று திரும்பினார். தானே ஒரு சொம்பை வாங்கிக்கொண்டு வந்தார். "பக்ருதீன்மா, தருமபுரியில மிக்சி ரிப்பேர் கடை. அஞ்சு வருஷம் முன்ன தோஹாவுல இருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "முட்டி வலி இப்ப எப்டிம்மா இருக்குது?"

நிர்மலா சொம்பைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். இந்த மனுஷனை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குரல் கேட்டதும் தானா வாயில வந்துருச்சு. வாரம் ஒருத்தர அண்ணன் சாப்பாட்டுக்குக் கூட்டினு போவாரு. கேம்புல புதுசா வந்தவன், சம்பளம் வராதவன், வூட்ல இருந்து கெட்ட சேதி வந்தவன். ஒரே ஒரு கண்டிசன். போன்ல பேசறப்ப மூச்சு வுடக் கூடாது. நாங்க எதிர்ல ஒக்காந்திருப்போம், போனுக்குப் பின்னால. உங்களுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"சோறு எங்க வேணா கெடைக்கும்டா, இந்தப் பேச்சு கெடைக்காதுன்னுவாரு. தக்காளி வெல, செவப்பு ஆடு குட்டி போட்டது, காவியா ஆஸ்டல்ல சண்ட போட்டது... ஊருக்கே போயிட்டு வந்தாப்ல இருக்கும்மா. நான் நாலு தரம் கேட்டிருக்கேன்."

இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படி வந்திருந்தார்கள். பாலக்கோட்டிலிருந்து ஒருவர், கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர். எல்லோரும் அவளை ரொம்ப நாள் பழகினவர்கள் மாதிரிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. கர்ப்பப்பை எடுத்த அன்றைக்கு அவரிடம் அழுதாளே, அதை யார் கேட்டது? கிருஷ்ணப்பனைத் திட்டினாளே? ஒரு வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வேறென்னவோ கூடச் சொன்னாளே, அன்றைக்கு எதிரில் எவன் உட்கார்ந்திருந்தான்? இருபத்தோரு வருஷத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான். அதையும் அவளைக் கேட்காமல் எடுத்து ஊருக்குத் தானம் செய்திருக்கிறார் மகராசன். பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்கு அழுகையும் வந்தது.

"இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்" என்று கிருஷ்ணப்பனின் மனைவி சசிகலா பின்னால் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்ததும் சனி, எடுக்கறதும் சனின்னு ஆயிடக் கூடாது. சனிப் பொணம் தனியாப் போவாது."

வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். நிர்மலா குனிந்து அரிசியை உதட்டில் வைத்தாள். உதடு இறுகி ஒட்டியிருந்தது. அரிசி கன்னத்தில் உருண்டு, காதுப் பக்கமாகக் கீழே விழுந்தது. இன்னொரு பிடி எடுத்து வைத்தாள். அதுவும் விழுந்தது. 'சாப்பிட மாட்டேங்கறாரே' என்று நினைத்து மூன்றாவது பிடிக்குக் கையை நீட்டினாள். காவியா பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா நிர்மலா, எந்திரி" என்றார் கிருஷ்ணப்பன். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு கறுத்த ஆளை முன்னால் இழுத்தார். "நீயும் வைப்பா. ஏரோப்ளேன்ல கூடவே வந்திருக்கற. பச்சியப்பன்னு பேரு, கடத்தூர்க்காரரு, கொத்தனார். ஒரே ஜில்லான்னு கம்பெனில இவரத் தொணைக்கு அனுப்பியிருக்காங்க. போன வெள்ளிக்கெழம கூட தம்பியோட ஒக்காந்து சாப்டாராம், பாவம்."

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டைப் பையில் விமானச் சீட்டு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. இவன்தான். போன வெள்ளிக்கிழமை போனுக்குப் பின்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்து, அவள் கத்தியதைக் கேட்டவன். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தவனும் இவன் ஒருவன்தான். அந்தக் கூட்டத்தில், அத்தனை பெண்களுக்கு நடுவில், எழுந்து போய் அந்நிய ஆம்பளையிடம் எப்படிக் கேட்பாள்? மேளம் எழுந்தது. தூக்கிவிட்டார்கள். பச்சியப்பனும் ஆண்களோடு சுடுகாட்டுக்குப் போனான்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தரை ஈரத்தில் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆனபோது நிர்மலாவுக்குப் பசித்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை; ஒன்பது வருஷப் பழக்கம், வயிற்றுக்கு யார் சொல்வது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. சுவரில் தலை சாய்ந்ததும் மறுபடி அந்த ஓட்டல் வந்தது. நீலக் கடலுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் முகம் தெரியாத ஆட்கள் வரிசையாக, கதவு தாண்டித் தெரு வரைக்கும். எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்கலாம் என்று நெருங்குவதற்குள் யாரோ பாத்திரத்தைப் போட்டு முழிப்பு வந்துவிட்டது.

அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சசிகலா தன் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தாள். குளித்துவிட்டு வந்த ஆண்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. ஷாமியானாவுக்கு அடியில் பச்சியப்பன் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா போற?" என்றாள் காவியா.

"இங்கதான்" என்று நிர்மலா வெளியே வந்தாள். யார் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவன் பதறி எழுந்தான்.

"ஒக்காருங்க. எங்க போவணும்?"

"கடத்தூருங்க அண்ணி. ஆறே முக்காலுக்குத் தருமபுரி பஸ் வருமாம்."

"போன வெள்ளிக்கெழம..." நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "நான் போன வெச்சதுக்கப்புறம் அவரு சாப்டாராங்க?"

பச்சியப்பன் புரியாமல் பார்த்தான். "நீங்க எங்க அண்ணி வெச்சீங்க? மோட்டார் போடத்தான போனீங்க."

நிர்மலா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நீங்க கோவமா என்னமோ சொன்னீங்க, சத்தம் நின்னுபோச்சு. எனக்குச் சோறு எறங்கல. என்னால சண்டையாயிருச்சோன்னு எந்திரிக்கப் போனேன். அண்ணன் போனப் பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் சிரிச்சிக்கினே, 'கரன்ட் வந்துருச்சாம்டா, மோட்டார் போட ஓடறா, வந்துருவா, நீ சாப்புடு'ன்னாரு. கடையில சத்தமா இருக்குதுன்னு வயர எடுத்துக் காதுல மாட்டிக்கினாரு. செத்த நேரத்துல நீங்க வந்துட்டீங்க."

"நான் வந்தேனா?"

"வந்தீங்களே. எனக்குத்தான் உங்க பேச்சு கேக்கல, அவரு காதுல இல்ல இருந்துச்சு. நான் ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னு, டீ குடிக்கற வரைக்கும் பேசினீங்க. அரை மணி நேரம் இருக்கும்."

அந்த அரை மணி நேரம் அவள் போன் அரிசிக்குள் அணைந்து கிடந்தது. எதிரில் உட்கார்ந்தவனுக்குச் சோறு இறங்க வேண்டும் என்று அவர் யாரிடமும் பேசாமல் பேசியிருக்கிறார். அவனுக்காக மட்டும்தான் பேசினாரா? 'நான் வரவில்லை தம்பி' என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொல்லவில்லை.

"அவரு சாப்டாரா?"

"நல்லா சாப்டாருங்க. பேசிக்கினே சாப்டாரு. மீன் முள்ளு கூட எனக்கு எடுத்துக் குடுத்தாரு."

"என்ன பேசினாரு தம்பி?"

"உங்களுக்குத் தெரியாததா..."

"மறந்துபோச்சு. சொல்லுங்க."

பச்சியப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "மொதல்ல, 'முட்டிக்கு எண்ணெ போட்டயா'ன்னாரு."

"போட்டேன்" என்றாள் நிர்மலா, மெல்ல.

"காவியா போன் பண்ணுச்சான்னாரு."

"பண்ணா. ஞாயித்துக்கெழம வர்றேன்னா."

"அப்புறம் ரொம்ப நேரம் நீங்கதான் பேசினீங்க. அவரு 'உம், உம்'னு கேட்டுக்கினே இருந்தாரு. எடையில, 'கோவமா?'ன்னு கேட்டாரு."

நிர்மலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் பொறுமையாக இருந்தான்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியலிங்க அண்ணி. உடனே சிரிச்சிட்டாரு."

"சிரிச்சாரா?"

"கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். தொடச்சிக்கினே, 'தைக்குக் கண்டிப்பா வந்துருவேன், இந்தத் தரம் போவ மாட்டேன்'னு சொன்னாரு."

"வாங்க" என்றாள்.

ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. பச்சியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். நிர்மலா நாற்காலியை விட்டு எழவில்லை.

"மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க தம்பி. எண்ணெ போட்டயான்னு கேட்டாரு, அப்புறம்?"

அவன் ரோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். தருமபுரி பஸ் வந்து நின்று, இரண்டு பெண்களையும் ஒரு தக்காளிக் கூடையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது.